ஆறு படங்களுக்கும் முடிவுரை

அன்று பார்சிப்பனி நகர நூலக அரங்கில் இருந்தவர்கள்: திரைப்படச் சங்கம் நடத்தும் ஆரோக்கியசாமி அங்கிள், அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டி, ஆறு வாரத்துக்கும் சேர்த்துத் தலைக்கு முப்பது டாலர் சந்தா கட்டியிருந்த இருபத்து நான்கு பேர், நான். இல்லாதவள்: அவர்கள் மகள் ஜெனிபர். மருத்துவமனையில் டியூட்டி. அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டு நான் அலைந்துகொண்டிருந்த காலம் அது. அங்கிள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "முதல்ல நம்ம கூட்டத்துல பத்து நிமிஷம் பேசுங்க தம்பி, பார்ப்போம்" என்றிருந்தார்.

பேச வேண்டியது, உளவுப் படங்களுக்குப் பேர்போன ஒரு பிரிட்டிஷ் இயக்குநரின் திரைவாழ்க்கை. வாரம் ஒன்றாக அவருடைய ஆறு படங்களைத் திரையிடப் போகிறார்கள். அன்று முதல் படம். நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. (பார்க்க எங்கே நேரம்? படிக்கவே சரியாக இருந்தது.) எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே வழி மனப்பாடம். இணையத்தில் கிடைத்த கதைச்சுருக்கங்களை ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து நெட்டுருப் போட்டேன். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து கதவைத் தட்டினார்.

மேடையில் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. விளம்பரப் படம் எடுத்தது, தொலைக்காட்சியில் உழன்றது, முதல் உளவுப் படம் படுத்தது, இரண்டாவது தூக்கிவிட்டது என்று பொழிந்தேன். முடிவுரை எழுதாவிட்டால் மார்க் போய்விடும் என்ற பயம் எனக்கு ரத்தத்திலேயே ஊறியது. ஆகவே ஒவ்வொரு படத்தையும் அதில் துரோகி யார் என்று சொல்லியே முடித்துக்கொண்டு போனேன். கூட்டம் முனகியது. ரசிக்கிறார்கள் என்று நினைத்து வேகம் பிடித்தேன்.

முன்வரிசை ஆன்ட்டி ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அப்போ இன்னிக்குப் போடற படத்துல அந்தச் சமையல்காரம்மாதானா?"

"ஆமா ஆன்ட்டி. கடைசி சீன்ல ஸ்டேஷன்ல பிடிபடுவாங்க."

புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அங்கிள் அப்போதுதான் நிமிர்ந்தார். "தம்பி, போதும்."

"இன்னும் ஒரே படம்தான் அங்கிள். அதுல மேலதிகாரியே..."

நாற்காலிகள் மடங்கத் தொடங்கின.

சாயங்காலம் ஜெனிபர் போன் செய்தாள். "அப்பா சொந்தக் காசுலேருந்து எல்லாருக்கும் சந்தாவை ரிட்டர்ன் பண்ணிட்டிருக்கார். வாட் டிட் யூ டெல் தெம்?"

"எல்லாத்தையும்" என்றேன்.

மூன்று மாதம் அங்கிள் என்னோடு பேசவில்லை. "எதையும் மறைக்கத் தெரியாத பையன், இதைவிட என்ன வேணும்" என்று ஸ்டெல்லா ஆன்ட்டி சிபாரிசு செய்த பிறகுதான் இறங்கிவந்தார். நிச்சயதார்த்தத்தன்று என் பெரியப்பா வீடியோ காலில், பெண்ணுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுத் தொலைத்தார். (எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.) அங்கிள் அலட்டிக்கொள்ளாமல் சொன்ன பதிலை, வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் ஜெனிபர் இன்றும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறாள்:

"மாப்பிள்ளைக்கு முன்கூட்டியே செஞ்சாச்சுங்க. எழுநூத்தி இருபது டாலர்."