நீர்ஞானி பிடித்த டம்ளர்

ஒரு மாதமாகத் தெருக்குழாயில் வந்த தண்ணீர் நாறியது. சாயப்பட்டறைக்காரர் தெருக்கோடியில் கழிவுக்குழாய் பதித்ததும் ஒரு மாதத்துக்கு முன்புதான். இரண்டையும் முடிச்சுப்போட மக்களுக்கு நேரமில்லை. நாற்றத்துக்குக் காரணமான பாவியைக் கண்டுபிடிக்க வந்த நீர்ஞானியின் கூடாரத்தில் வரிசையில் நிற்கவே பொழுது போதவில்லை. கூடாரம் பட்டறைக்காரர் உபயம். எவ்வளவு பெரிய மனசு!

ஞானியிடம் ஒரு பெட்டி. அதிலிருந்து இரண்டு இரும்புக் கம்பிகள். வீட்டுக்கு ஒருவர் கண்ணாடி டம்ளரைப் பிடிக்க, கம்பிகள் உள்ளே இறங்கும். பாவி பிடித்தால் தண்ணீர் துருநிறமாகக் கலங்குமாம். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு வாயைப் பிளந்து நின்றது.

பட்டறைக்காரர் பிடித்தார். பளிங்கு! இஸ்திரிக்காரம்மாவின் மருமகள் பிடித்தாள். சேறு!

"கல்யாணமாகி எத்தனை நாளாச்சு?" என்றார் ஞானி.

"ஒரு மாசம்."

"அதான்! இவ காலடி பட்டுதான் தண்ணி கெட்டுது. இன்னிக்கே தாய்வீட்டுக்கு அனுப்பிடு."

"தெருவே பாக்குதேம்மா..." என்று மகன் தலையைக் குனிந்தான். மருமகள் அழக்கூட இல்லை. மாமியார் முகத்தையே பார்த்தாள்.

மாமியாருக்கும் பாதி நம்பிக்கைதான். ஆனால் சட்டையில் கறை பட்டால் காரணம் இஸ்திரிப்பெட்டியா, தெளித்த தண்ணீரா என்று பழந்துணியில் தேய்த்துப் பார்த்தே பழகிய கை அது. ஐம்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டப் போன மாலை வகுப்பில், கண்ணாடி போட்ட டீச்சர் இந்த நாற்றத்தையே பாடமாக்கி, நேற்றுச் சொன்னதும் அதுதான்: "ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

பட்டறைக்காரருக்கு ஊற்றியது ஞானியின் பாட்டில் தண்ணீர். மருமகளுக்குக் குழாய்த் தண்ணீர். அம்மாவுக்குப் பொறி தட்டியது.

"சாமி, இதே பொண்ணு, இதே கை. தண்ணி மட்டும் உங்க பாட்டில்ல இருந்து ஊத்துங்க."

"பாவி கை பட்டா என் தண்ணி கெட்டுடும்!"

"கெடுதான்னுதானே பாக்கப் போறோம்?"

கூட்டத்துக்கும் ஆசை வந்துவிட்டது. "அட, ஊத்துங்க சாமி!"

துடைத்த டம்ளரில் ஊற்றினார். கம்பிகள் இறங்கின. தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"இப்ப குழாய்த் தண்ணிய நீங்க பிடிங்க."

"எனக்கு மௌனவிரதம் ஆரம்பமாயிடுச்சு," என்று ஞானி உரக்கச் சொன்னார்.

"பேசவா சொன்னேன்? பிடிங்கன்னுதானே சொன்னேன்!" நாற்பது வருடம் இஸ்திரிப்பெட்டி தூக்கிய கை, டம்ளரை அவர் கையில் திணித்தது. கம்பியைத் தானே இறக்கினாள். நிமிடத்தில் சேறு.

"அய்யய்யோ! சாமி வீட்டு மருமக யாருப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடாரம் சிரிப்பில் ஆடியது.

கூட்டத்தில் நின்ற டீச்சர் முன்னால் வந்தார். "பெட்டிக்குள்ள பேட்டரி. கரண்ட் ஓடினா இரும்பு கரைஞ்சு துருவாகும். குழாய்த் தண்ணியில உப்பு இருக்கு, கரண்ட் ஓடும். பாட்டில்ல இருக்கறது ஆவியைக் குளிரவெச்சு எடுத்த தண்ணி, உப்பில்ல, ஓடாது. நல்ல குடிதண்ணியும் இதுல கலங்கும்."

"அப்ப இந்த நாத்தம்?" என்றான் மகன்.

"அதையும் பாத்துடுவோம்," என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள் அம்மா. "பட்டறைக் குழாயை மட்டும் கொஞ்ச நாள் மூடச் சொல்லுவோம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

சிரித்த கூட்டம் சட்டென்று அடங்கியது. "பெரிய மனுஷன்மா அவரு. ஆதாரம் இல்லாம எப்படிக் கேக்கறது?"

நல்ல கேள்விதான், கண்ணுகளா. புதுப்பெண்ணின் கையில் முதல் டம்ளர் கலங்கியபோது இந்தக் கேள்வியை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?