கார்புரேட்டர் வைத்தியர்

நோயைப் பார்த்து மருந்து கொடுக்கிறவர் ஒரு ரகம். மருந்தை முடிவு செய்துவிட்டு நோயைப் பார்க்கிறவர் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தில், பழைய பைக் வாங்கியவர் என்று ஓர் உட்பிரிவு உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையெல்லாம் கிரீஸோடு ஷெட்டுக்குள் யாராவது குந்தியிருந்தால் கிட்டே போகாதீர்கள், டார்ச்சைப் பிடிக்கச் சொல்லிவிடுவார். ஐந்து வாரம் பிடித்தவன் சொல்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டு வைத்தியர், மேட்டிலும் சேற்றிலும் பறப்பதற்கென்றே செய்த டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்றை அடிமாட்டு விலைக்குப் பிடித்து வந்தார். பைக்குக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. விற்றவன் இரண்டே உதையில் கிளப்பிக் காட்டினானாம். இவர் கொண்டுவந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்.

"உள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகாம கழுவிட்டேன் சார்!" என்றார் பெருமையாக.

அதோடு சரி. பைக் வாயைத் திறக்கவில்லை.

"கார்புரேட்டர்தான்" என்றார், கையைக்கூடத் துடைக்காமல்.

அன்று ஆரம்பித்த வைத்தியத்தை என்னவென்று சொல்ல? கார்புரேட்டரைக் கழற்றி, அதன் பொடி ஓட்டைகளை ஊதி, மாட்டி, உதைத்து, கிளம்பாமல் போக மறுபடி கழற்றி, பெட்ரோலில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷால் (பழையதல்ல என்பது பல் தேய்க்கும்போதுதான் அவர் மனைவிக்குத் தெரிந்தது) தேய்த்து, பெட்ரோலில் கலக்கிற ஆயிலை இருமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றி, பிளக்கைப் பிடுங்கி முகர்ந்து, உதைத்து உதைத்து வலது கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம். பொறி வந்தது. பெட்ரோல் வந்தது. சத்தம் வரவில்லை.

"ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டா என்ன சார்?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"அவனுக்கு என்ன சார் தெரியும்? நாள் முழுக்க ரிப்பேர்தான் பண்றான். யோசிக்க நேரம் எங்க இருக்கு?"

இதற்குள் பைக் ஷெட்டை அடைத்துக்கொண்டதால் அவர் மனைவியின் ஸ்கூட்டர் வாசலில் மழையில் நனைந்தது. அந்த அம்மா தினமும் ஈர சீட்டில் உட்கார்ந்து ஆபீசுக்குப் போனார். போதாக்குறைக்குச் சமையலறையின் நீலத் துண்டை வேறு காணோம்.

"உங்க அக்காதான் எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்று நாத்தனாரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். ஐந்தாம் வாரம் கெடுவும் வைத்தார். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வர்றாரு. அதுக்குள்ள கிளம்பலைன்னா அவரோட போகட்டும்."

அந்த ஞாயிறு மூன்றரை மணிக்கு எனக்கே பாவமாக இருந்தது. பள்ளிக்கூட நாளில் இதே மாடல் பைக்கின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாராம். உதைக்க முடியாமல் டேங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மனைவி வந்து பைக்கின் பின்னால் நின்றார். குனிந்தார்.

"இது என்னங்க?"

சைலன்சர் வாயில் நீலமாக ஒரு முனை. பிடித்து இழுத்தார். வந்தது, வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் போகக் கூடாதென்று கழுவும்போது இவரே குச்சியால் இறுக்கித் திணித்த துண்டு! தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறான் என்று திட்டுவார்கள். இங்கே ஐந்து வாரமாக வால் பக்கம்தான் யாரும் போகவில்லை.

மூன்றாவது உதையில் பைக் அலறியது. புகைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது:

"பாத்தீங்களா சார்? கார்புரேட்டரை அவ்வளவு சுத்தம் பண்ணதாலதான் உடனே புடிச்சுது!"

அந்த அம்மா கரி படிந்த துண்டை உதறினார். "அது கிடக்கட்டும். கழுவுறப்ப இந்தத் துண்டை எடுத்துக் குடுத்தது உங்க அக்காதானே?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டில் எது கெட்டாலும் உங்கள் வாயில் முதலில் வருகிற பெயர் ஒன்று இருக்குமே, மருமகளோ, மேனேஜரோ, பக்கத்து வீட்டுக்காரரோ? அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை பின்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். துண்டு உங்கள் வீட்டுத் துண்டாகவே இருக்கும்.

எனக்கு அந்த வியாதியெல்லாம் கிடையாது. ஐந்து வாரம் டார்ச் பிடித்தும் எனக்கு ஏன் அந்தத் துண்டு தெரியவில்லை என்று கேட்கிறீர்களா?

பேட்டரிதான்.