குளவிக் கங்காணியும் ஐந்து ஓவர் ஆட்டமும்

பயப்படுவதற்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருந்திருந்தால், அதற்கு ஆயுட்கால உபவேந்தராகக் குளவிக் கங்காணியைத்தான் நியமித்திருப்பார்கள். நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கவும் அவர் பயந்திருப்பார் என்பது வேறு விஷயம்.

உண்மையில் அவர் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியும் அல்லர். டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. குனிந்து தேயிலைச் செடியை வெட்டுகிற வேலை அது. ஆனால் மனிதர் வேலை நேரத்தில் பாதியை அண்ணாந்து மரங்களைப் பார்ப்பதில் கழித்தார். எந்தப் பாறையிடுக்கில், எந்த மரக்கிளையில் குளவி கூடு கட்டியிருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. அவருக்குக் கீழே வேலை செய்தவை குளவிகள் மட்டும்தான். அவையும் அவர் சொன்னதைக் கேட்டதில்லை. தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

குளவி என்றால் சுவரில் மண்கூடு கட்டும் சின்னப் பூச்சி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையகத்துக் குளவி வேறு ரகம். ஒன்று வந்தால் பின்னால் ஒரு பட்டாளமே வரும். காலையில் கொழுந்து பறிக்கப் போன பெண் மாலையில் திரும்பி வராத கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. ஆகவே குளவிக் கங்காணி பயந்தது நியாயம். அந்தப் பயத்தை அவர் நிர்வகித்த முறைதான் நியாயத்துக்கு அப்பாற்பட்டது.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குச் சற்று முன்பின்னான காலம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி ஹட்டனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இருந்தேன். எந்தப் பிரிவுக்கும் பொருந்தாத கோப்புகள் என் மேசைக்கு வருவது வழக்கம். அப்படி வந்ததுதான் தோட்டங்களுக்கிடையிலான பெண்கள் மென்பந்து கிரிக்கெட் சுற்று. பக்கத்துக்கு ஐந்து ஓவர். விதிகளை நானே எழுதினேன். முப்பத்திரண்டு பந்திகள், நான்கு இணைப்புகள். அதை முழுவதும் வாசித்த ஒரே மனிதர் குளவிக் கங்காணி. எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"சார், எல்லாம் நல்லாத்தாங்க எழுதியிருக்கீங்க. மழை வந்தா என்னா செய்யணும்னு இருக்கு. வெளிச்சம் இல்லாட்டி என்னா செய்யணும்னு இருக்கு. குளவி வந்தா என்னா செய்யணும்னு இல்லீங்களே?"

"கிரிக்கெட்டில குளவிக்கு விதி இல்லை."

"அப்ப குளவிக்குக் கிரிக்கெட்டு தெரியுமாங்க?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளை எழுத்தில் தரும்படி கேட்பது அலுவலக மரபு. கேட்டேன். அவர் நகரவில்லை. பின்னால் நின்ற பெண்ணை முன்னால் இழுத்தார்.

"இது எம் மகங்க, புஷ்பா. சின்னப்புள்ளையில ஒருக்கா கொட்டிருச்சு. ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு நின்னு, செத்துப் பொழச்சா. இன்னொரு தடவ கொட்டுனா ஒடம்பு தாங்காதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு. கெஞ்சிக் கூத்தாடி ஃபெக்டரிக்குள்ள வேல வாங்கிக் குடுத்திருக்கேன். இப்ப பந்து போடணும்ங்கிறா. நீங்களே வேணாம்னு சொல்லுங்க."

புஷ்பாவுக்கு வயது பதினெட்டைத் தாண்டி, இருபதுக்குள் இருக்கும். நெடிய உருவம், இடது கை வேகப்பந்து. அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நாள் பூரா தேயிலைத் தூசிக்குள்ளதாங்க நிக்கிறேன் சார். ஞாயித்துக்கெழமயாவது வானத்தப் பாக்க வேணாமா? பயந்துக்கிட்டே உசுரோட இருக்குறதுக்கு, புடிச்ச எடத்துல கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்."

விதிப்படி பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவருக்குத் தந்தையின் அனுமதி தேவையில்லை. அதைச் சொன்னேன். குளவிக் கங்காணி தலையைச் சொறிந்தார்.

"அப்ப நானும் வாறேன்."

வந்தார். அணியின் முகாமையாளர் என்று ஒரு பதவியைத் தானே உண்டாக்கிக்கொண்டு, அதில் தானே அமர்ந்து, முதல் நாளே மூன்று கட்டளைகளைப் பிறப்பித்தார்.

முதலாவது, பவுடர், வாசனை எண்ணெய், பூ எதுவும் கூடாது. "மணத்துக்கு வரும்." அணித்தலைவி மட்டும் முனகினாள்: "மாமா, எதிர் டீம்காரிங்க கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வாறாளுக. நாங்க எழவு வீட்டுக்குப் போற மாதிரி போகணுமா?"

"எழவு நம்ம வீட்டுல விழாம இருக்கத்தாண்டி சொல்றேன்!"

இரண்டாவது, எல்லோரும் படங்கு கட்டிக்கொண்டுதான் களத்தடுப்பில் நிற்க வேண்டும். கொழுந்து பறிக்கும்போது ஈரமும் குச்சியும் உறுத்தாமல் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்புத்தான் படங்கு. குளவி வந்தால் ஓடக் கூடாது. கையை வீசக் கூடாது. படங்கை அவிழ்த்துப் போர்த்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட வேண்டும். பயிற்சியின் முதல் பாதி படுப்பதிலேயே போனது. அவர் "படு!" என்பார், பதினொரு பேரும் விழுவார்கள். பந்து பிடிப்பதில் சராசரியான அந்த அணி, படுப்பதில் ஆசியத் தரத்தில் இருந்தது.

முதல் ஆட்டத்திலேயே எதிரணி முறைப்பாடு செய்தது. "சார், இவளுக பந்தக் கையால புடிக்கல, படங்கால மறிக்கிறாளுக! நாலு போக வேண்டிய பந்தெல்லாம் பாவாடைக்குள்ள போகுது!" விதியை ஆராய்ந்தேன். உடையைக் கழற்றி அதனால் பந்தை மறித்தால் அபராத ஓட்டம். உடம்பில் கட்டியிருக்கும் உடையில் பந்து தானாகப் பட்டால் குற்றமில்லை. படங்கு உடைதான் என்று தீர்ப்பளித்தேன். அத்தீர்ப்புக்குப் பிறகு அவர்கள் படங்கை இன்னும் அகலமாகக் கட்டினார்கள்.

மூன்றாவது கட்டளைதான் கொடுமை. சத்தம் கூடாது. "அவுட்டா நடுவர் ஐயா?" என்று தொண்டை கிழியக் கேட்பதுதான் கிரிக்கெட்டின் பாதிச் சுகம். இந்த அணியோ விக்கெட் விழுந்தால் வாய் திறக்காது. பதினொரு பேரும் வகுப்பில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கும் பிள்ளைகள் போல ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நடுவராக வந்தவர் ஒரு பாடசாலை உடற்பயிற்சி ஆசிரியர். விதிப்படி கேட்டால்தான் ஆட்டமிழப்புக் கொடுக்கலாம் என்று அவர் அசையாமல் நின்றார். கை தூக்குவதும் கேட்பதுதான் என்று நான் எழுத்தில் கொடுக்க வேண்டியதாயிற்று.

சிரித்தோம் என்றுதானே நினைக்கிறீர்கள்? முதல் வாரம் சிரித்தோம். இரண்டாவது வாரம் பார்வையாளர்கள் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். மூன்றாவது வாரம் எதிரணிப் பெண்களும் பூ வைக்காமல் வந்தார்கள். ஒரு தேநீர்க்கடைக்காரர் தன் விளம்பரத் துணியிலிருந்த மஞ்சள் பூவை மையால் அழித்தார். பயம் தடிமல் சளியைப் போல ஆளுக்கு ஆள் தொற்றியது. ஓட்டம் எண்ணிக்கொண்டிருந்த நான், காதருகே ஓர் இலையான், வெறும் ஈ, பறந்ததற்கு உட்கார்ந்திருந்த கதிரையோடு பின்னால் சாய்ந்ததை ஹட்டன் நகரமே பார்த்தது.

அரையிறுதி டயகமப் பக்கத்து மைதானம் ஒன்றில். மைதானம் என்பது மரியாதைக்கு. மலையை ஒரு பக்கம் சுரண்டி எடுத்த சமதரை. கீழ்ப்பக்கம் லயங்களும் பார்வையாளர் கூட்டமும். மேற்பக்கம் ஆளில்லாத தேயிலை மலை. பக்கவாட்டில், எல்லைக்கு அப்பால் வெகு தூரத்தில், ஓர் உயர்ந்த மரம். அதன் கிளையில் பலாப்பழத்தைப் போல ஒரு கூடு தொங்கியது.

ஆட்டத்துக்கு முன்பே குளவிக் கங்காணி அதைக் கண்டுபிடித்துவிட்டார். விக்கெட்டிலிருந்து மரம் வரை நடந்தார், திரும்பி நடந்தார். பிறகு என்னிடம் வந்து, முதல் தடவையாகச் சற்றுத் தெளிந்த முகத்தோடு சொன்னார்:

"வெளயாடலாங்க சார். இம்புட்டு தூரம் எந்த ஆம்பளையும் அடிக்க மாட்டான்."

மெய்தான். எந்த ஆம்பிளையும் அடிக்கவில்லை.

எதிரணியில் பார்வதி என்றொரு பெண் இருந்தாள். மலையில் கொழுந்துக்கூடையைச் சுமந்து உரமேறிய தோள்கள். கடைசி ஓவர். பந்து வீசியது புஷ்பா. வேகமாக ஓடிவரப் படங்கு தடையென்று அதை அவிழ்த்து, மற்ற அணிகள் தொப்பியைக் கொடுப்பது போல நடுவரிடம் கொடுத்திருந்தாள். பந்து கொஞ்சம் நீளம் குறைந்தது. பார்வதி கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினாள்.

பந்து போனது. எல்லையைத் தாண்டியும் போனது. நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். அவர் அவற்றை இறக்குவதற்குள் மரத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம். பிறகு மலை முழுவதும் யாரோ மெஷினை முடுக்கிவிட்டது போன்ற இரைச்சல்.

"படு!"

களத்தில் நின்றவர்கள் விழுந்தார்கள். படங்குகள் மூடிக்கொண்டன. கீழே நின்ற கூட்டம் லயங்களுக்குள் பாய்ந்து கதவைச் சாத்தியது. நான் ஓட்டப்பதிவு மேசையின் கீழே போய்விட்டேன். பார்வதி துடுப்பைப் போட்டுவிட்டு, விக்கெட் காப்பாளரின் படங்குக்குள் பாதி உரிமை எடுத்துக்கொண்டாள். நடுவர், கையில் இருந்த புஷ்பாவின் படங்கைத் தானே போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார். நடுவர் அப்படிச் செய்யக் கூடாதென்று எந்த விதியும் இல்லை. இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

ஆடுகளத்தின் நடுவில் புஷ்பா மட்டும் நின்றாள். போர்த்துக்கொள்ள ஒன்றுமில்லை. மேசையின் கீழிருந்து அவள் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. தலையைக் கொஞ்சம் வெளியே நீட்டினேன். இரைச்சல் நெருங்கியது.

அப்போது எல்லைக்கோட்டிலிருந்து ஓர் உருவம் ஓடிவந்தது. சட்டையைக் கழற்றிக் காற்றில் சுழற்றிக்கொண்டு, "ஏய்! ஏய்! இங்க வாங்கடா! இங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. ஓடக் கூடாது, கையை வீசக் கூடாது என்று ஊர் முழுக்கப் பாடம் நடத்திய மனிதர், தன் சட்டதிட்டங்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் மீறிக்கொண்டு வந்தார். புஷ்பாவைத் தாண்டும்போது அவள் தோளில் கைவைத்துக் கீழே அழுத்தினார். நிற்கவில்லை. சுழலும் சட்டையோடு மேற்பக்கம் ஏறினார். அந்தக் கறுப்பு மேகம் முழுவதும் திரும்பி அவர் பின்னால் போனது.

புஷ்பா பிறகு சொன்னாள்: "மூஞ்சிய மண்ணுல வச்சிக்கிட்டுக் கெடந்தேன் சார். அப்பா சத்தம் தூரமாப் போய்க்கிட்டே இருந்துச்சு. நின்னுடக் கூடாது, நின்னுடக் கூடாதுன்னு அத மட்டுந்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

நின்றது.

தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானுக்குள் அவர் கிடந்தார். மூக்கு மட்டும் வெளியே. கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் புஷ்பா அவர் நெஞ்சின் மேல் கையை வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிச்ச ஆட்டம் பிறகு ஹட்டனில், மரமே இல்லாத ஒரு மைதானத்தில் நடந்தது. புஷ்பா விளையாடினாள், தோற்றார்கள். போகச் சொன்னவர் குளவிக் கங்காணிதான். "எங்க இருந்தாலும் வாறது வரத்தான் போவுது. அவ புடிச்ச எடத்துலயே இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம்.

ஆஸ்பத்திரியில், ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது என்று சொன்ன பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். முகம் வீங்கி, இரண்டு கண்களும் மூடிக் கிடந்தன. கட்டிலோரம் புஷ்பா இருந்தாள்.

"ஏன் ஓடினனீங்கள்? ஓடக் கூடாதெண்டு நீங்கள்தானே எல்லாருக்கும் படிப்பிச்சது?" என்று கேட்டேன்.

"பயந்துட்டேங்க சார்."

"லயம் கீழ்ப்பக்கம். கதவு, சுவர், ஆக்கள் எல்லாம் கீழ்ப்பக்கம். நீங்கள் மேல ஓடினீங்கள்."

"பயந்தவனுக்கு மேல கீழ எங்கங்க தெரியும்?"

"பொய் சொல்றாரு சார்" என்றாள் புஷ்பா.

"நீ சும்மா இரு புள்ள. சாருக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். பயந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேசையின் கீழே மிக அருகிலேயே ஒருவரைப் பார்த்தேன். பயந்த மனிதன் மனிதர்கள் இருக்கும் பக்கம்தான் ஓடுவான். ஒருவரும் இல்லாத பக்கமாகப் பார்த்து ஓடிய ஓர் ஆளை, என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் கண்டேன்.

"சார், புள்ளைக்கு எங்கயும் கொட்டலயே?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டார். ஒரே கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்லும் பழக்கம் எனக்கு எந்த அலுவலகத்திலும் இருந்ததில்லை. அன்றைக்குப் பார்வையாளர் நேரம் முடிந்து தாதி வந்து போகச் சொல்லும் வரைக்கும், அவர் கேட்கக் கேட்க, "இல்லை, ஒண்டுகூட இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.