கொலைகாரனை மாற்றித் தரும்படி ஒரு விண்ணப்பம்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
27-2-1957

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரப் பத்திரிகையில் பிரெஞ்சுப் பட்டாளத்துக் கப்பித்தேன் மொர்வான் துப்பறியும் கதைகளை எழுதிவரும் கிருஷ்ணசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் அச்சாபீஸ்காரர்களும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர யாவரும் சுகம். ஐந்து நாளாக வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசாததால் அதையும் ஊகித்துத்தான் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை வந்த ஒன்பதாவது வாரத்தில், இருநூறு வருஷத்துக்கு முந்திய புதுச்சேரிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்குக் காவலாளியைக் கொன்றவன் ரெட்டியார்பாளையத்து மண்ணாங்கட்டி என்று கப்பித்தேன் கண்டுபிடித்தாரல்லவா, ஈரச் சுண்ணாம்புச் சுவரில் ஆறு விரலோடு பதிந்த கையை வைத்து? அந்தக் கை என் சம்பந்தியுடையது. கார்த்திகை மாதம் என் மகள் அமிர்தவல்லியைப் பெண் பார்க்க ரெட்டியார்பாளையத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை சுப்ரமணி நல்ல பையன், அவன் தகப்பனார் வடிவேல் சொந்தமாக நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். அவர் வெற்றிலை எடுக்கக் கை நீட்டினார், கட்டைவிரல் பக்கத்தில் இன்னொரு குட்டி விரல். நான் பார்த்தேன். பார்க்காமலிருந்திருக்கலாம். அந்த வாரம் துப்புக் கிடைக்காமல் கப்பித்தேனும் நானும் தவித்துக்கொண்டிருந்தோம், அதனால் மூன்றாவது வாரத்தில் விரலைச் சுவரில் வைத்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். தை மாதம் நிச்சயதார்த்தத்தில் ஐயர் லக்னப் பத்திரிகை வாசித்தபோது, ‘மண்ணாங்கட்டி பேரனும் வடிவேல் குமாரனுமாகிய’ என்று வந்த பெயர் என் காதில் நுழைந்து உட்கார்ந்துகொண்டது, கொலைகாரனுக்குப் பெயர் தேடியபோது பேனா வழியாக இறங்கிவிட்டது. சத்தியமாக எனக்கே தெரியாது. இதை என் மனைவி செல்வாம்பாள் நம்பவில்லை.

சனிக்கிழமை ரெட்டியார்பாளையம் சலூனில் யாரோ சத்தம்போட்டு வாசித்திருக்கிறார்கள். வடிவேல் அப்போது சவரத்துக்கு உட்கார்ந்திருந்தாராம். பாதி முகத்தோடு எழுந்து போய்விட்டாராம். ஞாயிறன்று காலை தரகர் சாமிக்கண்ணு வந்து, “தாம்பூலத்தத் திருப்பி எடுத்துக்கச் சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அன்றைக்கே சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். வடிவேல் என்னை உட்காரச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார், ஆனால் பேசிய நேரம் முழுக்க வலது கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார். “கதைங்க, எல்லாம் கற்பனை, இருநூறு வருசத்துக்கு முன்னாடி நடந்தது” என்றேன். அவர் நிதானமாக, “இருநூறு வருசத்துக்கு முன்னாடியும் எங்களுக்கு ஆறு வெரலுதாங்க” என்றார். மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

செல்வாம்பாள் இதுவரை ஒரே ஒரு வாக்கியம்தான் பேசியிருக்கிறாள். “ஊர்ல இருக்கற கொலைகாரனையெல்லாம் புடிக்கத் தெரியுது, கெடச்ச மாப்பிள்ளைய வுடாம புடிச்சிக்கத் தெரியல.” வீட்டில் மீனும் இல்லை, ஏனென்றால் போன கதையில் ஒற்றருக்கு விஷம் வைத்தது ஒரு மீன்காரி, அன்றிலிருந்து மீன் விற்க வரும் பிள்ளைச்சாவடி தனக்கொடி எங்கள் வாசலில் கூடையை இறக்குவதில்லை. பிரெஞ்சுக்காரனையே கொலைகாரனாக்கிவிடலாமென்றால், மேரி என்கிற நகராட்சி ஆபீசில் முப்பது வருஷம் அவர்களிடம் குமாஸ்தாவாயிருந்தவன், அவர்கள் கொடி இறங்கியதும் காட்டிக்கொடுத்துவிட்டான் என்பார்கள். யாரைத்தான் ஐயா நான் கொலைகாரனாக்குவது?

அமிர்தவல்லி அழவில்லை, அதுதான் பயமாயிருக்கிறது. நேற்று சாப்பாடு போடும்போது, “அப்பா, மூணாவது வாரமே எனக்குத் தெரியும், அது அவங்க வெரலுன்னு” என்றாள். சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். “சொன்னா எழுதறத நிறுத்திடுவீங்க. நீங்க ரெத்ரெத் ஆகி வேலைக்குப் போறது நின்னதுலேருந்து சிரிச்சதே அந்தக் கதை எழுதறப்பதான்” என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

ஆகையால் தங்களிடமுள்ள கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இத்துடன் அனுப்பியிருக்கும் நான்கு பக்கத்தை அச்சிட வேண்டுகிறேன். இதில் ஆறாவது விரல் விரலே அல்ல, ஈரச் சுவரில் ஒட்டிய பல்லியின் தடம் என்று கப்பித்தேன் ஒப்புக்கொள்கிறார். மண்ணாங்கட்டியிடம் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்கிறார். பிறகு மனமுடைந்து கப்பலேறிப் போய்விடுகிறார். அவர் இனி திரும்பமாட்டார். நானும் இனி பேனாவைத் தொடுவதாக இல்லை. ஒரு பெண்ணின் வாழ்வு தங்கள் கையிலிருக்கிறது.

தங்கள் பத்திரிகை பல்கிப் பெருகவும், தங்கள் பிள்ளைகள் நல்ல இடத்தில் வாழ்க்கைப்படவும், முக்கியமாகத் தாங்கள் யாரும் கதை எழுதாமலிருக்கவும் மணக்குள விநாயகரை வேண்டும்,
கிருஷ்ணசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டியபின் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் வடிவேல் மகனோடு வந்துவிட்டுப் போனார். அவர்கள் பக்கத்து வீட்டு இராமதாஸ், அந்த மண்ணாங்கட்டி தன்னுடைய கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா என்று சலூனில் உரிமை கொண்டாடுகிறானாம். “ஆறு வெரலு யாருக்கு இருக்குது, அவனுக்கா எனக்கா? எங்க தாத்தாவோட அப்பன் பேருகூட எனக்குத் தெரியாதுங்க. இப்ப ஊரே, கப்பித்தேனையே ஒன்பது வாரம் அலையவுட்ட குடும்பம்ங்குது. அத எவனோ தூக்கினு போறதா?” என்றார். கல்யாணம் வைகாசியிலேயே நடக்கும். அமிர்தவல்லி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன், போதும். எனவே மேலே எழுதியது எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம், நான்கு பக்கத்தையும் அடுப்பில் போட்டுவிடுங்கள், கொலைகாரன் மண்ணாங்கட்டியேதான். பழைய அத்தியாயத்தில் ஒரே ஒரு திருத்தம். அதில் மண்ணாங்கட்டி மாட்டுவண்டியில் தப்பி ஓடுகிறான். சம்பந்தி அதைக் கேட்டுவிட்டு, “ஒரு குதிரை குடுத்துடுங்க” என்கிறார்.