டெஸ்மண்டின் பான்ஜோவுக்கு நான் பார்த்த வைத்தியம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் தொண்ணூறுகளில், கனடாவின் ஸ்காபரோ முழுக்கத் தேடினாலும் ஆட்டுத்தோலைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். (சொந்த இறைச்சிக்கடை எல்லே!)

ஒரு பனிநாள் மத்தியானம் என் வாடிக்கையாளர் டெஸ்மண்ட், ஜமெய்க்காக்காரர், கோட்டு சூட்டோடு பழைய பான்ஜோ வாத்தியம் ஒன்றையும் அணைத்துக்கொண்டு வந்தார். மூன்று மணிக்கு அவருடைய மகளின் கல்யாணம். அவர் வாசிக்க, அவள் தேவாலயத்துக்குள் நடந்து வரவேண்டும். விருந்துக் கறி என் பொறுப்பு.

கடையின் பின்பக்க அடுப்பில் கறி வற்றும்வரை காத்திருந்து கம்பிகளை மெல்ல மீட்டினார். வெளியே பனி விழுகிறதா, மேலே போகிறதா என்றே தெரியாத ஒரு மயக்கம்.

“வெள்ளைக்காரரின்ரை சாமானெல்லே?” என்றேன்.

அவர் கண்ணை மூடியபடி சொன்னார் (நான் விளங்கிக்கொண்ட தமிழில்): “இல்லையடாப்பா. ஆபிரிக்காவிலை சுரைக்குடுக்கையிலை தோலைக் கட்டி எங்கடை ஆக்கள் வாசிச்சது. அடிமையாக் கப்பலிலை ஏத்தேக்கை கையிலை ஒண்டுமில்லை. ஞாபகத்திலை இருந்ததைத் தீவுகளிலை திரும்பச் செய்தவை. வெள்ளைக்காரர் பிறகுதான் எங்களிட்டைப் பழகினது.”

பாட்டனார் செய்த பான்ஜோவாம். ஈரத்தில் ஆட்டுத்தோல் தளர்ந்துவிட்டது என்று கவலைப்பட்டார்.

ஆட்டுத்தோல்! அந்தச் சொல் போதாதா எனக்கு?

“இஞ்சை தாங்கோ. ஊரிலை மேளத்தை நெருப்பிலை காட்டித்தானே முறுக்கேத்திறது!”

“இஞ்சாருங்கோ, உது மேளமில்லை,” என்றாள் கறி கிண்டிக்கொண்டிருந்த மனைவி.

“நீர் பேசாமல் இரும்.”

அடுப்புக்கு மேலே பிடித்தேன். தோல் இறுகியது. கம்பியைத் தட்டினால், குளத்தில் நிலா விழுந்த மாதிரி ஒரு நாதம்! இன்னும் கொஞ்சம் காட்டினால் இன்னும் நல்லாயிருக்குமே என்று ஓர் ஆசை.

படார்!

டெஸ்மண்ட் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். திட்டவில்லை. “இனி என்ரை பிள்ளை எதுக்கு நடக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

தேவாலயத்தில் அவர் பான்ஜோவின் வெறும் மரவளையத்தை விரல்களால் தட்டித் தட்டிப் பாடினார். பெண் அந்தத் தாளத்தில் மிதந்து வந்தாள். கடைசி வரிசை வாங்கில் கறிச்சட்டியோடு இருந்து நான் அழுதேன். (கறிக்காரம் என்று மனைவிக்குச் சொன்னேன்.)

அடுத்த கிழமை அருமையான தோல் ஒன்று கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு, “நீ வெளியிலை நில்,” என்று கதவைச் சாத்தினார்.

பல வருடங்களுக்குப் பிறகு என் மகளின் கல்யாணம். “மண்டபம் குளிருது, தோல் இறங்கிப்போச்சு,” என்றார் தவில்காரர். உதவலாமே என்று எழும்பினேன். மணவறையில் தலைகுனிந்திருந்த மகள் சடாரென நிமிர்ந்தாள்.

“அம்மா, அப்பாவைப் பிடியுங்கோ!”

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் தவிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். (அவருக்கு ஆர் சொன்னதோ!)