மருமகனின் மென்பொருளுக்கு ஐந்தாம் இடம்

செஞ்சி,
வியாழக்கிழமை, முற்பகல்.

அன்பிற்குரிய மருமகன் தேவேந்திரனுக்கு அத்தை அன்புக்கரசி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். என் இடது முழங்கால் நலமில்லை. அது தனியாகக் கடிதம் எழுதாது என்பதால் அதன் சார்பிலும் நானே தெரிவித்துவிடுகிறேன். உன் நலத்தை விசாரிப்பது முறைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் பதினோரு குறுஞ்செய்திகள் அனுப்பியவன் உயிரோடும் விரல்களோடும் இருக்கிறான் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிவதால் அதை விட்டுவிடுகிறேன். கைப்பேசியில் பதில் அனுப்பாமல் தாளில் எழுதுவானேன் என்று கேட்பாய். கைப்பேசியில் நீ குறுக்கே புகுந்து பேசுவாய். தாளில் முடியாது. கூரியரில் நாளை உன் கைக்கு வரும்.

நீ கேட்டது இது. என் இணையப் பக்கத்தில் நான் வெளியிட்டிருக்கும் தரகு மென்பொருள்களின் ஒப்பீட்டில், உங்கள் ‘நேர்க்கோடு’ மென்பொருளை ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏற்றிவைக்க வேண்டும்; அதுவும் திங்கட்கிழமைக்குள். அன்று ஒரு பெரிய ஜவுளி நிறுவனத்தார் தங்களுக்கு எது ஏற்றது என்று முடிவெடுக்கிறார்கள்; அவர்கள் தமிழில் தேடினால் முதலில் வந்து நிற்பது என் பக்கம். காரணம் என் புகழ் அல்ல, இதைப் பற்றித் தமிழில் வேறு யாரும் மெனக்கெடவில்லை என்பதே. இந்த வாய்ப்பு தவறினால் நீயும் உன் கூட்டாளிகள் மூவரும் மூன்று ஆண்டு உழைப்பை மூட்டை கட்டிவிட்டு அலுவலகத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்கிறாய். புரிகிறது. உண்மையிலேயே வருந்துகிறேன். ஆனாலும் உனக்கு ஐந்தாம் இடம்தான். ஏன் என்று கேள்.

இந்தத் தொழிலில் என்னை இறக்கிவிட்டவனே நீ. முப்பத்தோரு ஆண்டுகள் அரசுக் கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவளைப் பார்த்து, போன பொங்கலன்று, வாயில் கரும்பை வைத்துக்கொண்டே, “சும்மாதானே இருக்கீங்க அத்த, அஃபிலியேட் பண்ணுங்களேன்” என்றாய். கரும்பை மன்னித்துவிட்டேன், அந்தச் ‘சும்மா’வை இன்னும் மன்னிக்கவில்லை. ஏதோ ஒரு நிறுவனத்தின் பொருளைப் பற்றி நம் பக்கத்தில் எழுதி, கீழே ஒரு பொத்தான் வைக்க வேண்டும். அதை யாராவது அமுக்கி, அந்த வழியே போய்ப் பொருளை வாங்கினால் நமக்குத் தரகு. நடுவில் நின்று யார் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்ப்பது நெட்வொர்க் அல்லது மென்பொருள். இவ்வளவுதான் விஷயம் என்று நீ விளக்கினாய். நானும் தண்ணீர் வடிகட்டி, முழங்கால் பட்டை, நடைக்காலணி என்று எழுதத் தொடங்கினேன். பிறகுதான் கவனித்தேன்: நெட்வொர்க்குகளை ஒப்பிட்டு இணையத்தில் உள்ள கட்டுரைகள் எல்லாம் பொருள் விற்பவனின் பக்கத்திலிருந்தே எழுதப்பட்டிருக்கின்றன. நெல் மண்டிகளை ஒப்பிட்டு எழுதியவன், மூட்டையோடு வெயிலில் நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்காத மாதிரி. எனவே மூட்டையோடு நிற்பவளின் பக்கத்திலிருந்து நானே எழுதினேன். ஒப்பிட ஐந்தில் சேர்ந்தேன். சேர்ந்து பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, ‘லாபவாசல்’. விண்ணப்பத்தில் ‘உங்கள் பக்கத்தின் நோக்கம் என்ன?’ என்று ஒரு கட்டம். இவர்கள் படிக்கிறார்களா என்று பார்ப்பதற்காக ‘தெரியாது’ என்று எழுதினேன். மூன்றாவது நிமிடம், ‘உங்கள் நோக்கம் எங்களை மிகவும் கவர்ந்தது’ என்று அனுமதி வந்தது. அப்படியும் அவர்களுக்கு முதலிடம் தந்திருக்கிறேன், ஏனென்றால் பிறகு எந்தத் தொல்லையும் இல்லை; படிக்காதவர்கள் தொல்லை தரமாட்டார்கள். இரண்டாவது, ‘வானவில்’. பொத்தானை அமுக்கியவர் நம் வழியாக வந்தவர் என்று அவர்கள் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு நாள். இதை வகுத்தவன், செஞ்சி வட்டத்தில் ஒருவர் மிக்சி வாங்குவதை ஒருநாளும் பார்த்ததில்லை. தளவானூர் கலைச்செல்வி என் பக்கத்தின் வழியே போய்த் தையல் மெஷின் மோட்டார் ஒன்றைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் தன் அண்ணனிடம் கேட்டு, அண்ணன் அவலூர்பேட்டைக் கடையில் விலை விசாரித்து, ஆடியில் வேண்டாம் என்று அது முடியக் காத்திருந்து, இருபத்தாறாம் நாள் வாங்கினாள். “ஒங்களுதுல பாத்துதான் டீச்சர் வாங்கனேன், அவங்களுக்கு நானு போன் போட்டுச் சொல்லட்டா?” என்று கேட்டாள். யாருக்கு அம்மா போன் போடுவாய்? அவர்களுக்கு நீ இருபத்தைந்து நாட்களுக்கு முன்பே மறந்துபோனவள். பார்த்த அன்றே பொருள் வாங்குகிறவளை எங்கள் ஊரில் வீட்டிலேயே வைத்துத் திட்டுவார்கள் என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, ‘கைகோர்ப்பு’. இங்கே எனக்கென்று ஒரு தொடர்பு மேலாளர் உண்டு. வாரம் இருமுறை தொலைபேசியில் அழைத்து, “மேம், உங்க ஆடியன்ஸ் வேற லெவல் மேம், டெய்லி வராங்க மேம்” என்பார். தினமும் வருகிறவர்கள் ஏனம்மா ஒன்றும் வாங்குவதில்லை என்று கேட்டேன். “டிரஸ்ட் பில்ட் ஆகுது மேம்” என்றார். என் கணக்கைக் காட்டும் டாஷ்போர்டைத் திறக்கும்போதெல்லாம் திரையில் காகிதப் பூக்கள் கொட்டுகின்றன. ஒரு முறை நான் கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டியதற்கும் கொட்டின. நான்காவது, ‘குருவி’. வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் தரகும் திரும்பிப் போய்விடும்; நியாயம்தான், ஆனால் எத்தனை நாள் கழித்தும் திருப்பலாம். கூட்டு ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ராஜாராம் என் பேச்சைக் கேட்டு நடைக்காலணி வாங்கினான். ஒரு மாதம் அதிலேயே ராஜகிரிக் கோட்டை உச்சிவரை ஏறி இறங்கிவிட்டுத் திருப்பி அனுப்பினான். ஏனடா என்றேன். “ஏறசொல்ல நல்லாத்தான் இருக்குது டீச்சர். எறங்கசொல்ல கடிக்குது.” இறங்குவதற்கு வேறொரு ஜோடி வாங்கு என்றேன். “அதுக்கும் லிங்க் இருக்குதா?” என்று கேட்டான். கிண்டலா வினாவா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இந்த நால்வரிடமும் குறைகள் உண்டு. ஆனால் நால்வரும் என்னை மதித்தார்கள். என் பக்கத்தின் எல்லாப் பொத்தான்களையும் சேர்த்து நாள்தோறும் முப்பத்தெட்டு சொடுக்குகள். கலைச்செல்வியும் ராஜாராமும் வந்த நாட்களைத் தவிர்த்தால், கூடுவதில்லை, குறைவதில்லை. சென்ற பத்துப் பதினைந்து நாட்களாக மட்டும் முப்பத்தேழு; ஒரு வாசகரை இழந்ததற்கு என் நடைதான் காரணமோ என்று முழங்கால் பட்டைக் கட்டுரையைத் திருத்தியும் எழுதினேன். யாரும் எதையும் அவசரப்பட்டு வாங்குவதில்லை. இதையே நான் பெருமையாகக் கருதினேன்: நிதானமாக, ஆராய்ந்து, மறுநாளும் வந்து படிக்கிற ஒரு வட்டம். அந்த நால்வரும் பாராட்டு மடல் அனுப்பினார்கள். இரண்டில் பதக்கத்தின் படம்கூட இருந்தது. உன் ‘நேர்க்கோடு’ என்ன செய்தது? பன்னிரண்டாம் நாள் என் கணக்கைப் பூட்டிவிட்டு, ‘இயல்புக்கு மாறான நடத்தை, மோசடி என ஐயம்’ என்று எழுதி அனுப்பியது. மோசடி! பல்கலைக்கழகத் தேர்வுத்தாளில் அரை மதிப்பெண் கூட்டிப் போடச் சொல்லி அமைச்சர் வீட்டிலிருந்து ஆள் வந்தபோது, அவருக்கு மோர் கொடுத்து அனுப்பியவள் நான். உங்கள் உதவி மையத்துக்கு அழைத்தேன். எடுத்தவர் முழுதும் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “ஆன்ட்டி, கோச்சிக்காதீங்க, நீங்களே ஒக்காந்து அமுக்கிக்கினு இருக்கீங்களா?” என்றார். எழுபத்தொரு வயதில் விடிந்ததும் எழுந்து, என் பொத்தானை நானே முப்பத்தெட்டுத் தடவை அமுக்குகிறேனாம்! அவரிடம் நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். உங்களிடம் பதிவாகியிருக்கும், போட்டுக் கேட்டுக்கொள்.

தேவேந்திரா, கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே. முறைப்படியே மதிப்பிட்டேன். உண்மையான வாசகரைக் கள்ளர் என்று கணிக்கும் மென்பொருள், தன் வேலையில் அடிப்படையிலேயே பிழை செய்தது. நேர்மையான தரகர் ஒருவரின் பெயரைக் கெடுக்கிற ஒன்றை, நீ என் தம்பி மகன் என்பதற்காக, ‘முதலிடம்’ என்று எழுதினால், அதை நம்பிச் சேரப்போகிற கலைச்செல்வி போன்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? அவள் வீட்டில் இருபத்தாறு நாள் யோசித்து மோட்டார் வாங்குகிறார்கள். அவ்வளவு யோசித்து என்னை நம்புகிறார்கள். எனவே மனம் மாறவில்லை. உன் கூட்டாளிகள் மூவரிடமும் இதைப் படித்துக் காட்டு. அவமானமாக இருந்தால் நல்லது. அதிலிருந்து சில நேரம் நல்ல மென்பொருள் பிறக்கும்.

நீ நீண்ட ஆயுளும், அளவான தன்னம்பிக்கையும், வேளைக்குச் சாப்பிடும் பழக்கமும் பெற்று வாழ்க. உன் தந்தைக்கு என் ஆசிகள். தாய்க்கு என் அனுதாபங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தை,
அன்புக்கரசி, எம்.எஸ்சி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிக் கூரியர் கடையில் கொடுத்துவரச் சொல்லலாம் என்று எதிர்வீட்டு ராஜம்மாளைக் கூப்பிட்டேன். அவள் சொன்னதைக் கேட்டபின், ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். அவள் உறையின் மேல் உன் பெயரைப் பார்த்துவிட்டு, “ஒங்க தம்பி பையனுக்கா டீச்சர்? எங்க தெருவே தெனம் அமுக்குதுன்னு எழுதிட்டீங்களா?” என்றாள். எதை அமுக்குகிறது என்றேன். “இன்னா டீச்சர் இப்பிடி கேக்கறீங்க, ஒங்க பட்டனத்தான்! நம்ம தெருவுக்குத் தண்ணி பைப்புக்கு நீங்கதான மனு எழுதிக் குடுத்தீங்க? காசு குடுத்தா வாங்க மாட்டீங்க. ஒங்குளுதுல ஆளுங்க அமுக்குனா ஒங்களுக்கு நல்லதுன்னு உங்க தம்பி பையன் பொங்கலப்போ சொல்லிட்டுப் போச்சி. காலைல கோலத்தப் போட்டுட்டு வூட்டுக்கு ஒரு அமுக்கு. முப்பத்தெட்டு வூடு. ஆதிமூலம் வூட்ல மட்டும் அவரு அம்மா போய்ட்டதால தீட்டு, பதினாறு முடியட்டும்னு அமுக்கல.” ஒருவராவது எதையாவது வாங்கினீர்களா என்று கேட்டேன். அவள் திடுக்கிட்டாள். “அய்யே! வாங்குனா வியாவாரம் ஆயிடும் டீச்சர். நாங்க வந்து தலையக் காட்டிட்டுப் போறோம், அவ்ளோதான். போதலன்னா சொல்லுங்க, சாயங்காலமும் ஒரு தரம் அமுக்கச் சொல்றேன்.”

சுருங்கச் சொன்னால், இதுவரை என் வாசகர் வட்டம் என் தெரு. மாறுபாடே இல்லாத மனிதக் கூட்டம் உலகத்தில் கிடையாது என்று முப்பத்தோரு ஆண்டு கரும்பலகையில் எழுதிப் போட்டவள், அதே எண் தினமும் கண்முன் வந்து நின்றபோது அதற்குப் பதக்கம் வாங்கிக்கொண்டேன். நான்கு நிறுவனங்கள் ஒரு தெருவின் மரியாதையை வாடிக்கையாளர் கூட்டம் என்று எண்ணிப் பூக்கொட்டின. ஒன்று மட்டும் எண்ணவில்லை. ஒப்பீட்டை இப்போதுதான் திருத்தி முடித்தேன். ‘நேர்க்கோடு’ முதலிடம், அந்த மென்பொருளை எழுதியவன் என் தம்பி மகன் என்பது முதல் வரி, நான் ஏமாந்த கதை முழுதும், எண்களோடு, இரண்டாம் வரியிலிருந்து. தெருவை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தவர்களை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பியது போலாகும். அதனால் பொத்தான்களின் பின்னால் இருந்த இணைப்புகளை மட்டும் எடுத்துவிட்டேன். நாளைக் காலையும் அவர்கள் அமுக்குவார்கள், எங்கும் போகாது, அவர்களுக்கும் எங்கும் போக வேண்டியதில்லை.

உன் உதவி மையத்தாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஆனால் இரக்கப்பட்டு என் கணக்கைத் திறந்துவிடாதே. திறந்தாய் என்று தெரிந்தால், திங்கட்கிழமை காலை அந்த ஜவுளிக்காரர்கள் பார்க்கும்போது நீ ஐந்தாம் இடத்தில் இருப்பாய்.