ஊட்ட ஆளில்லாத குஞ்சு

"பெத்ததுங்க கைவிட்டுடுச்சு சார்," என்றார் கிளிக்காரர். கூண்டை ஒருமுறை பார்த்தார். அவனை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். "இனி நீங்கதான் கையில எடுத்து ஊட்டணும்."

பறவைக் கடை வைத்திருப்பவர். இந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்தாராம், அப்படியே எட்டிப் பார்த்தாராம். எட்டிப் பார்த்தவர் கூண்டுப் பெட்டிக்குள் கையைவிட்டு, இரண்டு வாரக் குஞ்சை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டார். பாதி இறகு, பாதி தோல். யாரோ உரிக்க ஆரம்பித்து, மனம் மாறி விட்டுவிட்டதுபோல் இருந்தது.

அந்தக் கொண்டைக் கிளி ஜோடியை அவர் கடையில் வாங்கியவள் அவன் மனைவி. அவள் இறந்து ஐந்து மாதம். கிளிகளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவை பாட்டுக்கு முட்டையிட்டன. குஞ்சு வெளிவந்ததை மாமியாரிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

"செத்துடுமா?"

"நீங்க ஊட்டலைன்னா செத்துடும்."

இந்த வீட்டில் இன்னொன்று சாகக் கூடாது. அவனுக்கு அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது.

மாமியார் ஃபோனிலேயே குதித்தார். "பெத்தவ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா. நடுவுல நீங்க எதுக்கு மாப்பிள்ளை? பேசாம திருப்பி வச்சிருங்க. ஒரு தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களா நீங்க?"

"என்னால முடியும் அத்தை."

"முடியாது மாப்பிள்ளை."

ஊட்டுவதென்று அப்போதே முடிவாகிவிட்டது.

கிளிக்காரரின் நிபந்தனைகள் ஃபோனில் தவணை முறையில் வந்தன. "நாலு வேளை. மாவை வெதுவெதுன்னு கரைச்சு சிரிஞ்சுல ஊட்டணும். ஆனா முதல்ல நீங்க சாப்பிட்டிருக்கணும். வெறும் வயித்தோட ஊட்டினா கை நடுங்கும், மாவு மூச்சுக்குழாயில போயிடும்."

இரண்டு பிஸ்கட்டில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தவன் அடுப்பைப் பற்ற வைத்தான். முதல் வேளை கருகியது. புகையில் குஞ்சு தும்மியது.

"புகை ஆகவே ஆகாது. ஜன்னலைத் திறங்க."

ஐந்து மாதமாகத் திறக்காத ஜன்னல். தாழ்ப்பாள் கையோடு வந்தது. வெளிச்சம் உள்ளே வந்ததும் குஞ்சு பயந்து அவன் தாடிக்குள் புகுந்துகொண்டது. இழுத்தால் தாடிதான் வந்தது.

"தாடியைக் கூடுன்னு நினைச்சுக்கும் சார். எடுத்துடுங்க."

எடுத்தான். அடுத்த வேளை குஞ்சுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. யாரோ அந்நியன் ஊசியோடு வருகிறான் என்று மூலையில் ஒண்டியது.

"பேசிக்கிட்டே ஊட்டுங்க. குரலை வச்சுக் கண்டுபிடிக்கும்."

பேச அவனிடம் எதுவும் இல்லை. மாவு டப்பாவின் பின்பக்கத்தை, தயாரித்த தேதி உட்பட, சத்தமாக வாசித்தான். குஞ்சு வாயைத் திறந்தது.

இதற்கிடையில் தாய்க்கிளி கம்பியருகே வந்து, தொண்டையை எக்கி எக்கித் தலையை ஆட்டியது. இருவரிடமும் ஃபோனில் சொன்னான்.

"ஊட்டத்தான் எக்குது மாப்பிள்ளை. புள்ளையை அதுகிட்டக் குடுங்க," என்றார் மாமியார்.

"அஜீரணம் சார்," என்றார் கிளிக்காரர்.

தொழில் தெரிந்தவர் சொல்வதையே எடுத்துக்கொண்டான்.

அடுத்த தவணை: "நாலு பேர் பேசுற சத்தம் கேக்கணும். இல்லன்னா குஞ்சு தேறாது. உங்க ஆபீஸ்ல நாலு பேர் இருப்பாங்கல்ல?"

நீண்ட விடுப்பை முடித்துக்கொண்டு, செருப்புப் பெட்டியோடு அலுவலகம் போனான். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். அவன் புகார்ப் பிரிவு. பெட்டியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு முதல் அழைப்பை எடுத்தான்.

"மூணாவது மாடியைத் தாண்டும்போது லிஃப்ட்டுல ஒரு மாதிரி..."

கீழிருந்து குஞ்சு துருப்பிடித்த கதவுபோல் கிரீச்சிட்டது.

"அதேதாங்க! அதே சத்தம்! எப்படிங்க பிடிச்சீங்க?"

மாலைக்குள் மேலாளரே வந்துவிட்டார். "பழுதோட சத்தத்தைப் பதிவு பண்ணி வச்சிருக்கீங்களாமே! வியாழக்கிழமை வகுப்புல மெக்கானிக்குங்களுக்குப் போட்டுக் காட்டுங்க."

உண்மையைச் சொன்னால் பெட்டி வெளியே போகும். தலையாட்டினான்.

பசித்தால்தான் குஞ்சு கத்தும். ஆகவே வியாழனன்று மதிய வேளையைத் தள்ளிப்போட்டான். விதிப்படி தன் சாப்பாட்டையும். முப்பது மெக்கானிக்குகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். குஞ்சு நன்றாகத் தூங்கியது. நிசப்தத்தில் அவன் வயிறு நீளமாக இரைந்தது.

"இது ரோலர் தேய்மானம்," என்று முன்வரிசைக்காரர் குறித்துக்கொண்டார்.

அந்தச் சத்தத்தில் விழித்த குஞ்சு பெட்டியைவிட்டு ஏறி, மேலாளரின் சட்டையைப் பற்றித் தோளுக்குப் போய், அவர் காதுக்குள்ளேயே கிரீச்சிட்டது. முப்பது பேரும் சிரித்தார்கள். கூடவே பழக்கமில்லாத ஒரு சிரிப்பும் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தபிறகுதான் அது தன்னுடையது என்று தெரிந்தது.

"இதுக்கு யாருய்யா அம்மா?" என்றார் மேலாளர், தோளை அசைக்காமல்.

"நான்தான் சார்."

"அப்ப முதல்ல ஊட்டுய்யா!"

"முதல்ல நான் சாப்பிடணும் சார்."

நாலைந்து சாப்பாட்டு டப்பாக்கள் ஒரே நேரத்தில் நீண்டன. அன்றிலிருந்து பெட்டி மேசைமேல் இருந்தது.

ஆறாவது வாரம் குஞ்சு தானாகத் தானியம் கொறித்தது. அவன் உடனே ஃபோனை எடுத்தான்.

"முடியாதுன்னீங்களே அத்தை. வளர்த்துட்டேன்."

"ஏதோ உங்க அதிர்ஷ்டம் மாப்பிள்ளை," என்று முனகினார் மாமியார். தோற்றவர்களின் குரல்தான். அவனுக்குத் தேனாக இனித்தது.

தானியம் வாங்கக் கடைக்குப் போனான், குஞ்சு தோளில். கிளிக்காரர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"பெத்ததுங்க கைவிட்ட குஞ்சு இது," என்றான். "மாமியார் பேச்சைக் கேட்டிருந்தா என்னைக்கோ போயிருக்கும்."

அந்தம்மா தராசிலிருந்து நிமிர்ந்தார்.

"அதுங்க நல்லாத்தான் ஊட்டிக்கிட்டிருந்துச்சு சார். சாப்பாடு, ஜன்னல், தாடி, ஆபீஸுன்னு என் வீட்டுக்காரருக்கு வரிசையா எழுதிக் குடுத்துட்டுப் போனதே உங்க மாமியார்தான். 'குஞ்சுக்கு ஊட்ட ரெண்டு பேர் இருக்காங்க, என் மாப்பிள்ளைக்குத்தான் ஒருத்தரும் இல்ல'ன்னாங்க."